மண் சரியில்லாத இடம்

கணக்கெடுக்க வந்த பெண் காலை ஒன்பது மணிக்குக் கொல்லைப்பக்கம் நுழைந்தாள். பதினொன்றரை ஆகியும் வெளியே வரவில்லை. வீட்டுத் தோட்டங்களில் என்னென்ன செடி இருக்கிறது, எதற்கு வைத்திருக்கிறார்கள், யாருக்குப் பயன்படுகிறது என்று கட்டம் போட்ட தாளில் கேட்டு எழுதுவது அவள் வேலை. அந்தத் தெருவில் ஏழு வீடு முடித்திருந்தாள். ஏழு வீட்டுக்கும் சேர்த்து ஆன நேரம் இந்த ஒரு வீட்டில் ஆகிக்கொண்டிருந்தது.

"இது?"

"மஞ்சள்."

"அதுக்குப் பின்னால?"

"அதுவும் மஞ்சள்தாம்மா. ஒரு இடத்துல அழுகிட்டா இன்னொரு இடத்துல இருக்கட்டும்னு போட்டேன். காலை அங்க வைக்காத, புதினா இருக்கு."

கீரைக்காரம்மா பதில் சொல்லிக்கொண்டே தண்ணீர் ஊற்றினாள். நின்று பேச அவளுக்கு நேரமில்லை. அடிபம்பில் அடித்து, இரண்டு கையிலும் இரண்டு வாளி தூக்கி, நாளைக்கு நாற்பது வாளி ஊற்ற வேண்டும். கீரைக்காரம்மா என்பது ஊர் வைத்த பேர். கீரை விற்கத் தொடங்கியபோது ஒட்டிக்கொண்டது. பிறகு எலுமிச்சை, பப்பாளி, இஞ்சி, அவரை, பாகல் என்று என்னென்னவோ வந்தும் பேர் மாறவில்லை.

"இது எதுக்கும்மா?" என்று அந்தப் பெண் மூலையில் இருந்த ஒரு தடித்த இலைச் செடியைக் காட்டினாள்.

"இருமலுக்கு."

"யாருக்கு?"

"மாமியாருக்கு."

"அவங்க உள்ள இருக்காங்களா?"

"போய்ச் சேந்து ஒன்பது வருஷம் ஆச்சு."

அந்தப் பெண் பேனாவை நிறுத்தினாள். "அப்ப இப்ப யாருக்குன்னு எழுத?"

"தெரியலம்மா. தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கேன்."

ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. முன்னறையில் கணவரின் தையல் மெஷின். நடுவில் சமையலறை. அதைத் தாண்டினால் முப்பது தப்படி நீளமும் பன்னிரண்டு தப்படி அகலமுமாக இந்தத் தோட்டம். அந்தப் பெண்ணின் கணக்குப்படி நாற்பத்து மூன்று வகை. தன்னை அனுப்பிய கல்லூரிக்காரர்கள் கேட்டால் வாயைப் பிளப்பார்கள் என்றாள் அவள். கீரைக்காரம்மாவுக்கு அதில் பெருமை ஒன்றும் வரவில்லை. நாற்பத்து மூன்றும் ஒரே மாதிரி இருந்தாலாவது பரவாயில்லை. புதினாவுக்கு இரண்டு வேளைத் தண்ணீர் வேண்டும். பப்பாளிக்கு வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. இஞ்சி வெயில் பட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், மிளகாய் நிழல் பட்டால் தூக்கி வைத்துக்கொள்ளும். அவரைக்குக் கொம்பு, பாகலுக்குப் பந்தல், வாழைக்கு முட்டு. நாற்பத்து மூன்று பேருக்கு வாக்கப்பட்ட மாதிரிதான்.

முன்னறையில் டைலரிடம் துணி கொடுக்க வருகிறவர்கள், "கொல்லையில நல்லா வெச்சிருக்கீங்களே" என்பார்கள். "அதுவா? அது தானா காய்க்குதுங்க" என்பார் டைலர். அவர் கெட்ட மனிதர் இல்லை. மெஷினை விட்டு எழுந்து அந்தப் பக்கம் போனதில்லை, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பதிலைச் சமையலறையில் இருந்து அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ரெடிமேட் வந்து தையல் படுத்த பிறகு, பேன்ட்டுக்கு அடி மடிக்கிறதும் இடுப்பைப் பிரித்து விடுகிறதும்தான் அவருக்கு வேலை. அடுப்பு எரிவது பெரும்பாலும் தானாகக் காய்க்கிற தோட்டத்தால். அதை அவரும் மறுத்ததில்லை.

கொய்யா மரத்தைத் தாண்டியதும் அந்தப் பெண் நின்றாள். ஆறடிக்கு ஆறடி ஒரு வெற்றிடம். ஒரு புல் இல்லை. கூட்டி விட்ட மாதிரி இருந்தது. நடுவில் உடைந்த துவைக்கும் கல் ஒன்று கிடந்தது.

"இவ்வளவு நெருக்கி வெச்சிருக்கீங்க, இங்க மட்டும் ஏன் ஒண்ணும் நடல?"

கீரைக்காரம்மா வாளியைக் கீழே வைத்தாள். கொல்லைக் கதவருகே டைலர் நின்றிருந்தார். வந்தவளுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வந்தவர்.

"அங்க மண்ணு சரியில்லம்மா" என்றாள். "எதை வெச்சாலும் வராது."

அந்தப் பெண் 'மண் சரியில்லை' என்று எழுதிக்கொண்டாள். ஒரு மாதம் கழித்து இன்னொரு தரம் வந்து சரிபார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மண் சரியில்லை என்றது பொய். தோட்டத்திலேயே நல்ல மண் அதுதான். மதியம் சோறு போட்டு, பாத்திரம் கழுவி, டைலர் மெஷினிலேயே தலை சாய்த்துக் கண்ணயர்கிற நேரத்தில், கீரைக்காரம்மா அந்தக் கல்லில் போய் உட்காருவாள். காலை நீட்டிக்கொள்வாள். கொய்யா மரம் மறைப்பதால் வீட்டிலிருந்து பார்த்தால் ஆள் தெரியாது. கால் மணி நேரம், சில நாள் அதுகூட இல்லை. யோசிக்கவும் மாட்டாள், தூங்கவும் மாட்டாள். அங்கே எதை நட்டாலும் அதற்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதனால் நடவில்லை. இதைப் போய் ஒரு பெண் பேனாவும் கையுமாக நிற்கும்போது எப்படிச் சொல்வது? சும்மா உட்கார ஒரு இடம் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நான்காவது நாள் முழங்கால் மடங்கிக்கொண்டது. இரண்டு வாளியோடு பாகல் பந்தலைச் சுற்றி வரும்போது, கால் தன்னுடையது இல்லை என்பது போல விட்டுவிட்டது. விழுந்ததும் அவள் பார்த்தது காலை இல்லை, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதை. புதினாப் பக்கம்தான் போனது. சரி, அதுவும் இன்றைக்கு ஊற்ற வேண்டியதுதானே என்று நினைத்துக்கொண்டே கிடந்தாள்.

டாக்டர் முழங்காலை இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்தார். மூன்று வாரம் குத்துக்கால் போடக் கூடாது, எடை தூக்கக் கூடாது என்றார்.

"மூணு வாரம் கழிச்சு?" என்று டைலர் கேட்டார்.

"அப்பவும் கொறைச்சுக்கணும். தேஞ்சிருக்கு. இத்தனை நாள் தாங்கினதே பெரிசு."

அவள் கவலை முழங்காலைப் பற்றி இல்லை. கடைத்தெரு சாப்பாட்டுக் கடைக்குத் தினமும் கீரையும் எலுமிச்சையும் மிளகாயும் போக வேண்டும். டீக்கடைக்கு இஞ்சியும் புதினாவும். இரண்டு நாள் தவறினால் அவர்கள் சந்தை வேன்காரனிடம் போய்விடுவார்கள், அப்புறம் திரும்பி வர மாட்டார்கள். வெயில் வேறு அடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் தண்ணீர் தவறினால் கீரை தலையைத் தொங்கப்போட்டுவிடும்.

"நான் பார்த்துக்கறேன்" என்றார் டைலர். "தோட்டம்தானே?"

அவள் கொல்லைக் கதவருகே நாற்காலி போட்டு, இன்னொரு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, புதினா கிள்ளினீங்களா?"

"ஆச்சு."

"கொண்டாங்க பாப்போம்."

வேரும் மண்ணுமாக ஒரு கற்றையைக் கொண்டுவந்து காட்டினார்.

"கிள்ளச் சொன்னா பிடுங்கிட்டு வந்திருக்கீங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"உங்களுக்கு வெட்டுறதும் கிழிக்கிறதும் ஒண்ணா? புதினாவைக் கிள்ளணும். மிளகாயைத்தான் பறிக்கணும். அவரையைக் காம்போட ஒடிக்கணும், இழுத்தா கொடியே கையோட வந்துரும். கீரைய அரிவாளால அறுக்கணும், ரெண்டு விரக்கடை விட்டு."

"எந்தக் கீரைய?"

"அறுகீரைய. முளைக்கீரைன்னா பிடுங்கலாம்."

"எது அறுகீரை?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அங்க ரெண்டு பாத்தி இருக்கு பாருங்க. நீங்க நிக்கிறது அறுகீரை."

டைலர் சட்டென்று காலைத் தூக்கினார். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில் நின்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் முழங்கால் வலித்தது.

முதல் வாரம் முழுக்க இப்படியே ஓடியது. சாப்பாட்டுக் கடைக்காரர் கீரைக்கட்டை வாங்கிப் பார்த்து, "டைலரே, தைச்சுக் கொண்டுவந்த மாதிரி இருக்கே" என்றாராம். எல்லாத் தண்டும் ஒரே நீளம், கட்டுக்கயிறு முடிச்சுகூட ஒரே இடத்தில். அதற்கே காலை ஒரு மணி நேரம் போயிருந்தது. ஆனால் ஒரு நாளும் தவறவில்லை.

இரண்டாவது வாரம் அவர் பேச்சுக் குறைந்தது. மாலையில் உள்ளங்கை இரண்டையும் விரித்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு படுத்துக் கிடப்பார். வாளிக் கைப்பிடி அறுத்த இடத்தில் கொப்புளம். ஊசி பிடிக்க முடியவில்லை என்றார். மூலையில் இருந்த இருமல் செடியைக் காட்டி, "இதுக்கும் ஊத்தணுமா? இது யாருக்கு?" என்று ஒரு நாள் கேட்டார்.

"உங்க அம்மாவுக்கு."

அவர் கொஞ்ச நேரம் அந்தச் செடியைப் பார்த்தார். பிறகு ஊற்றினார்.

அன்றைக்கு யாரோ பேன்ட் கொடுக்க வந்தவர், "தோட்டம் எப்படி இருக்கு?" என்று கேட்டது சமையலறைவரை கேட்டது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இருக்குதுங்க" என்றார் டைலர். அவ்வளவுதான். தானாகக் காய்க்கிறது என்று சொல்லவில்லை.

மறுநாள்தான் அவள் வாயால் அந்தக் காரியம் நடந்தது. பழைய சட்டியில் மிளகாய் நாற்று விட்டிருந்தாள். அது நெருங்கி வளர்ந்து வெளுத்துப்போயிருந்தது.

"ஏங்க, அந்த நாத்து வீணாப் போகுது. வெயில் படுற இடமாப் பாத்து எங்கயாவது நட்டு வைங்களேன்."

"எங்க?"

"எங்கயாவது. பூசணிக்குப் பக்கத்துல இடம் இருக்கும்."

அவர் டேப்பும் துணியில் கோடு போடுகிற சாக்கும் எடுத்துக்கொண்டு போனது அவளுக்குத் தெரியாது. மதியம் வியர்த்து விறுவிறுத்து வந்தார். முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு.

"வெச்சாச்சா?"

"வெச்சாச்சு. எங்கன்னு இப்பச் சொல்ல மாட்டேன். நீ எழுந்து வந்து பாரு."

பூசணிப் பக்கம்தான் வைத்திருப்பார், அதற்கு இவ்வளவு பீடிகை என்று நினைத்துக்கொண்டாள்.

நான்காவது வாரம் டாக்டர் மெல்ல நடக்கலாம் என்றார். இருபத்தைந்து நாளாக ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு உட்கார வேண்டும் போல இருந்தது வேடிக்கைதான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது உட்கார்ந்த கணக்கில் சேராது. கண் அறுகீரையில், வாய் அவரையில், காது முன்னறையில். மதியம் பாத்திரம் கழுவாமலேயே, கம்பை ஊன்றிக்கொண்டு கொய்யா மரத்தைச் சுற்றிப் போனாள்.

பதினாறு மிளகாய்ச் செடி. நாலு வரிசை, வரிசைக்கு நாலு. ஒன்றுக்கொன்று பதினெட்டு அங்குலம், ஒரு அங்குலம் கூட ஏறவில்லை, குறையவில்லை. கரும்பச்சையாக, கொழுகொழுவென்று நின்றன. ஓரத்தில் செங்கல் பதித்து வரப்பு கட்டியிருந்தது. கல்லைக் காணோம்.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். உட்கார இடமில்லை.

"எப்படி?" என்று பின்னாலேயே டைலர் வந்துவிட்டார். தூங்கவில்லை போலிருக்கிறது. "மண்ணு சரியில்லைன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னியே, என்னடா இதுன்னு எனக்கு ஒரே யோசனை. நாலு கூடை எரு கொட்டிக் கொத்தினேன். பாரு. மத்த எடத்தவிட நல்லா வருது. ஆறடி சும்மா கெடந்தா எனக்கு மனசு ஒப்பலை. ஒரு துண்டுத் துணி மிஞ்சினாக்கூட நான் பாக்கெட்டுக்கு ஆக்கிருவேன், உனக்குத் தெரியும்ல."

"கல்லு எங்க?"

"அந்த ஒடஞ்ச கல்லா? பம்புகிட்டப் போட்டேன். காலு வழுக்காம இருக்கும்."

"நல்லா இருக்கு" என்றாள். திரும்பி வந்துவிட்டாள்.

அழுகை வந்தது. மிளகாய்க்காக யாராவது அழுவார்களா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மனிதர் கை கொப்புளிக்க வேலை செய்து, அவளுக்காக ஆசையாக நட்டிருக்கிறார். அதில் குறை சொன்னால் வாயில் புழு வைக்கும். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் உப்பு இல்லை, மறுநாள் காலைக் காப்பியில் சர்க்கரை இல்லை. பாத்திரங்கள் வைக்கிற சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது.

"கால் வலிக்குதா?" என்று டைலர் மெஷினில் இருந்தபடி கேட்டார்.

"இல்ல."

"பின்ன?"

"ஒண்ணுமில்ல."

அவர் யாருடைய பேன்ட்டையோ மடியில் போட்டு இடுப்புத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆள் பெருத்துவிட்டார், பேன்ட் ஏறவில்லை. ஒவ்வொரு நூலாகப் பிரித்தார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று அவர் கையைப் பார்த்துச் சொன்னாள்.

"அங்க மண்ணு நல்லாருக்கும்னு எனக்குத் தெரியும்."

"எங்க?"

"மிளகாய் வெச்ச இடத்துல."

"அப்புறம் ஏன் சும்மா போட்டிருந்த?"

"நான் உக்கார்ற இடம் அது."

டைலருக்குப் புரியவில்லை. "உக்காரவா? வீட்டுல உக்கார இடமா இல்ல?"

"வீட்டுல உக்காந்தா கூப்பிடுறீங்க."

"நான் எப்பக் கூப்பிட்டேன்?"

"எப்பக் கூப்பிடல? நூல் எங்க, தண்ணி குடு, கடைக்காரர் வந்திருக்காரு. நீங்க இல்லேன்னா கீரை கூப்பிடுது. எந்தப் பக்கம் பாத்தாலும் எதாவது ஒண்ணு வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது. அந்த ஆறடிதான் என்னை ஒண்ணும் கேக்காது. அதான் வெறுமனே விட்டிருந்தேன்."

"சொல்லிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்லட்டும்? சும்மா உக்காந்திருக்கேன், எடத்த விட்டு வைங்கன்னா?"

அவர் பிரித்த இடுப்பை விரித்தார். உள்ளே மடித்து விட்டிருந்த துணி இரண்டு விரல் அகலத்துக்கு வெளியே வந்தது. வெயில் படாததால் அது மட்டும் புதுத் துணியின் நிறத்தில் இருந்தது. அதைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

"உள்ள துணி விட்டிருக்கேன்னு சொல்லிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும்" என்றார் கடைசியில். "உள்ள விட்டதை வீண்னு எந்த டைலரும் சொல்ல மாட்டான். அது இல்லேன்னா ஒரு நாள் டர்ருன்னு கிழிஞ்சிரும்."

மெஷினை விட்டு எழுந்தார். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். "இப்படி நாற்காலில உக்காரு" என்றார்.

"எதுக்கு?"

"உக்காரேன்."

அவள் உட்கார்ந்தாள். அவர் தரையில் குந்தி, அவள் முழங்காலில் டேப்பின் நுனியை வைத்து, குதிகால்வரை இழுத்துப் பிடித்தார். கல்யாணமான புதிதில் ரவிக்கைக்கு அளவெடுத்தது. அதற்குப் பிறகு கண்ணாலேயே பார்த்துத் தைத்துவிடுவார். இருபத்தைந்து வருடம் கழித்து டேப் அவள் மேல் பட்டது இப்போதுதான்.

"பதினாறரை" என்றார். "அந்தக் கல்லு ஏழுதான் இருக்கும். இந்தக் காலை வெச்சுக்கிட்டு அவ்வளவு கீழ உக்காந்தா எந்திரிக்க முடியாது."

பேசிக்கொண்டே கொல்லைப்பக்கம் நடந்தவர் மிளகாய்ச் செடியில் கை வைக்கப் போனார். கீரைக்காரம்மா கம்பைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"வெயில்ல பிடுங்காதீங்க, செத்துரும். சாயங்காலமாப் பாத்து, தண்ணி ஊத்தி, வேர் மண்ணோட எடுக்கணும்."

"சரி."

"கரண்டியால தோண்டுங்க. மம்பட்டி வேண்டாம்."

"சரிம்மா, சரி."

சாயங்காலம் பதினாறையும் எடுத்தார். பழைய எண்ணெய் டின்களிலும் உடைந்த வாளிகளிலும் வைத்து, முன்னறை ஜன்னலுக்கு வெளியே வரிசையாக அடுக்கினார். மெஷினில் இருந்தபடியே தண்ணீர் ஊற்றிக்கொள்வேன், இது என் கணக்கு என்றார். நாலு செடி செத்தது. மீதி, வேர் பிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. கல்லைப் பம்படியிலிருந்து உருட்டிக்கொண்டு வரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று இடத்தில் நின்றார். செங்கல்லை அடுக்கி, மேலே கல்லை ஏற்றி, டேப் வைத்துப் பார்த்தார். பதினேழு வந்தது. ஒரு செங்கல்லை எடுத்துவிட்டு ஓட்டுத்துண்டு வைத்துப் பதினாறரைக்குக் கொண்டுவந்தார்.

தோட்டம் குறைந்துதான் போனது. வாளி தூக்க அவளால் முடியாது, அவராலும் நாற்பது முடியாது, இருபத்தைந்தோடு கை சோர்ந்துவிடும். சேம்பு போகட்டும், இரண்டாவது மஞ்சள் போகட்டும், பந்தல் பாகல் போகட்டும் என்று அவளே ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லும்போது வருத்தமாகத்தான் இருந்தது. சாப்பாட்டுக் கடையும் டீக்கடையும் தவறாமல் இருந்தால் போதும் என்று தேற்றிக்கொண்டாள். இருமல் செடியைக் கேட்டபோது மட்டும் டைலர், "அது கெடக்கட்டும், அதுக்கு நான் ஊத்திக்கறேன்" என்றார்.

கணக்கெடுக்கிற பெண் சொன்னபடி திரும்பி வந்தாள். மதியம் இரண்டு மணி. டைலர் மெஷினிலிருந்து கையைக் காட்ட, அவளே கொல்லைக்கு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"என்னம்மா, நாற்பத்து மூணு இருந்துச்சு. இப்ப முப்பத்து நாலுதான் வருது" என்று கேட்டுக்கொண்டே கொய்யா மரத்தைத் தாண்டினாள். அங்கே கீரைக்காரம்மா கல்லில் உட்கார்ந்திருந்தாள். காலை நீட்டியிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"முப்பத்து நாலுதாம்மா. அதுக்கு மேல முடியல."

அந்தப் பெண் தாளைப் புரட்டினாள். "இந்த இடத்துக்கு மண் சரியில்லைன்னு எழுதிருக்கேன். அப்படியே இருக்கட்டுமா?"

"இல்ல, அதை அடிச்சிரு. மண்ணு நல்ல மண்ணு."

"அப்ப ஏன் காலியா இருக்குன்னு எழுதணும்மா."

"நான் உக்கார்றதுக்கு."

அந்தப் பெண் கட்டங்களை மேலும் கீழும் பார்த்தாள். காய், பழம், கீரை, மருந்து, விறகு, தீவனம், விற்பனை. "அதுக்குக் கட்டம் இல்லையேம்மா" என்றாள்.

முன்பக்கம் யாரோ வந்து, "கீரைக்காரம்மா!" என்று கூப்பிட்டார்கள். சாப்பாட்டுக் கடைக்காரர் குரல். அவள் உடம்பு பழக்கத்தில் ஒரு முறை முன்னால் அசைந்தது. மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது. நாற்காலியை நகர்த்துகிற சத்தமும், "இதோ வந்துட்டேன், அவங்க வேலையா இருக்காங்க" என்று டைலர் சொல்வதும் கேட்டது.

அவள் மறுபடி காலை நீட்டிக்கொண்டாள்.

"கட்டம் இல்லேன்னா சும்மா விட்டுரும்மா" என்றாள்.